கூரையின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மேலே பூசிவிட்டால் போதுமா?

போதாது, பூச்சு மறுபடி விழும். உள்ளே கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்டு காங்கிரீட்டைத் தள்ளுகிறது.

முதலில் மாடியில் நீர்க்கசிவை நிறுத்துங்கள். அப்புறம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றாக இருப்பதுபோல் சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்கவேண்டும், கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் வரை. பரப்பு பெரிதென்றால் முட்டு கொடுத்துவிட்டுத் தொடுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசலாம். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

புதுத் தளம் போடுகிறீர்களா? கம்பிக்கு அடியில் ஜல்லியைச் சொருக விடாதீர்கள். குறைந்தது 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வையுங்கள். கொத்தனார் சிரிப்பார், பரவாயில்லை. பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.