ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் மூச்சு ஏன் சரியாவதில்லை? உடம்பு அதற்குப் பழகிவிடுமா?

ஆஸ்துமாவுக்கு ஒரு வாரமாக ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறேன், இழுத்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, மூச்சுத் திணறும்போது அடிக்கிற சல்பூட்டமால் இன்ஹேலர் மட்டும் சில நிமிடத்தில் கேட்கிறது, அப்புறம் இது எதற்கு, போகப்போக உடம்பு பழகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பத்து வயதிலிருந்து வீசிங். இதே எண்ணத்தோடு ஸ்டீராய்டைப் பல வருடம் டிராயரிலேயே வைத்திருந்த ஆள் நான். நன்றாக இருக்கிற நாளில் மருந்து எதற்கு என்று தோன்றும். அந்தப் புத்தி மாறியது ஆஸ்பத்திரியில் இல்லை, வேலைக்காக ஆர் என்ற கணினி மொழி கற்றபோது. அதில் ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகல்) தரவை அலசப் பழகுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் பயிற்சித் தரவு ஒன்று இருக்கிறது, பெயரே ‘ஏர்வே’. நான்கு பேரின் மூச்சுக்குழாய்த் தசையிலிருந்து வளர்த்த செல்கள், ஒவ்வொருவருடையதிலும் ஒரு பங்குக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இன்னொரு பங்கு சும்மா. இரண்டிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணியிருந்தார்கள். 2014-ல் வந்த ஆய்வு. மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து எண்ணினார்கள் தெரியுமா? 18 மணி நேரம். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்ஹேலரை ஓரங்கட்டிய எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சல்பூட்டமால் தசைச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் பீட்டா-2 ஏற்பியில் (மருந்து வந்து ஒட்டுகிற புரதம்) உட்காருகிறது, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு ஏறுகிறது, இறுகியிருந்த தசை தளர்கிறது. சில நிமிட வேலை. ஸ்டீராய்டு அப்படியில்லை. அது செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கே காத்திருக்கும் தன் ஏற்பியோடு சேர்கிறது, இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏவில் உட்காருகின்றன. அதன் பிறகுதான் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. விழித்த மரபணுவிலிருந்து ஆர்என்ஏ வர வேண்டும், அதிலிருந்து புரதம் வர வேண்டும், அந்தப் புரதம் போய்த் தன் வேலையைப் பார்க்க வேண்டும். மணிக்கணக்கு ஆகாமல் என்ன செய்யும்.

அந்த ஆய்வில் 316 மரபணுக்கள் மாறியிருந்தன. பயிற்சியின்போது நான் போட்ட பட்டியலில் மேலே நின்றவற்றில் ஒன்று டியுஎஸ்பி1. வீக்கத்தைக் கிளப்பும் அழற்சிச் செய்தியைச் செல்லுக்குள் கடத்துகிற பி38 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டியிருந்தால்தான் அது துள்ளும். டியுஎஸ்பி1 அந்தப் பாஸ்பேட்டைப் பிடுங்கிவிடுகிறது, பி38 படுத்துவிடும். இன்னொன்று அதுவரை ஆஸ்துமாவில் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத கிரிஸ்ப்எல்டி2. அதை அடக்கிவிட்டுச் செல்லைச் சீண்டினால் ஐஎல்-6, ஐஎல்-8 என்ற அழற்சி மூலக்கூறுகள் கூடுதலாக உருவாகின்றன, அதாவது அது ஒரு பிரேக் மாதிரி. 

தசை என்றால் இறுகும், தளரும், அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது வம்புக்கும் ஆள் சேர்க்கும். ஐஎல்-8, இயோடாக்சின் போன்ற அழைப்பு மூலக்கூறுகளை வெளியே விட்டு வெள்ளையணுக்களைக் கூப்பிடுகிறது, வந்தவை குழாய்ச் சுவரை இன்னும் வீங்க வைக்கின்றன, வீங்கிய சுவர் புகைக்கும் தூசிக்கும் சட்டென்று சுருங்குகிறது. ஸ்டீராய்டு அடைப்பது இந்த வாயைத்தான். அதனால்தான் அது இருக்கும் இறுக்கத்தை அவிழ்ப்பதில்லை, அடுத்த வாரம் வரவிருந்த இறுக்கத்தைத்தான் குறைக்கிறது. நன்றாக இருக்கிற நாளிலும் எடுக்கச் சொல்வது இதற்காக.

எல்லா நேரமும் இது கேட்கும் என்றும் சொல்ல மாட்டேன். இதே தசைச் செல்களுக்கு டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்ஃபெரான்-காமா என்ற இரண்டு அழற்சிச் செய்தி மூலக்கூறுகளையும் சேர்த்துக் கொடுத்தால் சில மரபணுக்களில் ஸ்டீராய்டின் பிடி தளர்ந்துவிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் தொற்று வந்தால் இன்டர்ஃபெரான் ஏறும், எனவே சளி பிடித்த வாரத்தில் வழக்கமான டோஸ் போதாமல் போவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். சிகரெட்டும் ஸ்டீராய்டின் வேலையைக் கெடுக்கும். வருடக்கணக்கில் தடித்துப்போன தசையை ஸ்டீராய்டு பெரிதாக மெலிய வைப்பதும் இல்லை.

பக்கவிளைவு பயம் இருந்தால் ஒன்று: இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். எனக்கு ஒருமுறை படிந்தது.

சரி, பழகிவிடுமா? நீங்கள் தவறான இன்ஹேலரைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். சல்பூட்டமாலை மட்டும் அடிக்கடி அடித்துக்கொண்டிருந்தால்தான் அந்த பீட்டா-2 ஏற்பிகள் மழுங்கி எண்ணிக்கையிலும் குறைகின்றன. பெரியவர்களும் வளரிளம் வயதினரும் அதை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான ஜினா 2019-ல் சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு விழிக்க வைக்கிற மரபணுக்களில் இந்த பீட்டா-2 ஏற்பியின் மரபணுவும் ஒன்று, அதாவது சில நிமிடத்தில் கேட்கிறது என்கிறீர்களே, அந்த இன்ஹேலர் தொடர்ந்து கேட்க வேண்டுமானால் ஒன்றும் தெரியவில்லை என்கிற இந்த இன்ஹேலரையும் தினமும் இழுக்க வேண்டும்.