துக்கத்தில் ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. கடவுளின் ஆறுதலை எப்படித் தேடுவது?

கணவரை இழந்து நான்கு மாதங்களாகின்றன என்றும், முழங்காலில் நின்றால் ஜெபம் வராமல் கோபமே வருகிறது என்றும், இது விசுவாசக் குறைவா என்றும் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நான் போதகர் அல்லன். பொறையாறு பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலத்தில் சாகுபடி செய்கிறவன். 2023 மே மாதம் என் மனைவியை அடக்கம் செய்தவன் என்ற ஒரே உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அது விசுவாசக் குறைவு அன்று. லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு பெத்தானியாவுக்கு வந்தபோது, மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொன்ன முதல் வார்த்தையே, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்பதுதான். சற்று நேரத்தில் அவள் சகோதரி மரியாளும் அதையே சொல்லி அவர் பாதத்தில் விழுந்தாள். ஆள் அனுப்பியும் உரிய நேரத்தில் வரவில்லையே என்ற மனத்தாங்கல் அந்த வார்த்தையில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் அந்தச் சகோதரிகளைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும், அழுகிறவர்களோடு நின்று அவரும் கண்ணீர் விட்டார். "எல்லாம் சரியாகிவிடும், அழாதே" என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே ஒருவர் அங்கே அழுதார் என்பதை, என் வீட்டில் துக்கம் நுழைவதற்கு முன் எத்தனையோ முறை வாசித்திருந்தும் நான் கவனித்ததில்லை.

ஆகவே உங்கள் கோபத்தை மறைத்துவிட்டு ஜெபிக்க முயல வேண்டாம். அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். நூற்றைம்பது சங்கீதங்களில் புலம்பல்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கின்றன. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ கடைசி வரிவரை இருட்டிலேயே நின்றுவிடுகிறது; அதில் ஒரு நம்பிக்கை வரியைச் சேர்த்து முடித்துவைக்க வேண்டும் என்று வேதத்தைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. "கடவுளுக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்ததே இல்லை. அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை.

இனி என் அனுபவம். எனக்குத் தடைப்பட்டது பரமண்டல ஜெபத்தின் ஒரு வரியில். அடக்கத்துக்குப் பிந்திய முதல் ஞாயிறு ஆராதனையில், சபையாரோடு சேர்ந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கியவன், "உம்முடைய சித்தம்" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். நாற்பத்தாறு வயதில் அவள் போனதுதான் அவருடைய சித்தமா என்ற எண்ணம் தொண்டையை அடைத்தது. சபை அந்த வரியைக் கடந்து "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று போன பிறகுதான் மறுபடியும் சேர்ந்துகொள்ள முடிந்தது. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே நடந்தது. பொய் சொல்லாமல் இருப்பதே மரியாதை என்று எண்ணி, அந்த ஒரு வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நடைபாதைக்கு அப்பால் பெண்கள் பக்கத்து வரிசையில், எனக்கு நேராக எப்போதும் ஒரு பெரியம்மா உட்காருவார். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன ஆழிப்பேரலையில் பேரனைப் பறிகொடுத்தவர். ஜூலை மாதத்தில் ஒருநாள் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் அருகே வந்து, "தம்பி, அந்த வரியில நீ நிக்கிறது எனக்குத் தெரியும். எனக்கு ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. உன்னால முடியிறவரைக்கும் உனக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன், நீ பேசாம நில்லு" என்றார். பிறகு குனிந்து என் செருப்பை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஜெபத்தில் "நான்", "எனக்கு" என்ற சொல்லே கிடையாது. எல்லாம் "எங்கள்", "எங்களுக்கு" என்றே இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். ஒருவனால் சொல்ல முடியாத வரியை மற்றவர்கள் சொல்லி நிறைவேற்றும்படியாகவே அது நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

2023 ஜூன் 12 அன்று பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ஆனால் எங்களுடையது தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. தண்ணீர் வருமா என்று பார்க்க விடியற்காலையில் வாய்க்கால் கரையில் தனியாக நிற்கும்போது, வீட்டில் வராத அழுகை அங்கே வரும். ஜெபம் என்று சொல்லும்படி எதுவும் வாயிலிருந்து வந்ததில்லை, அவள் பெயரும் "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லும் தவிர. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை, அந்தக் கரையில் நின்றுதான் உண்மையென்று அறிந்தேன். ஆறுதல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அக்டோபர் வாக்கில் ஒரு காலை, அழுது முடித்து வீடு திரும்பும்போது, தனியாக நின்று அழவில்லை என்ற உணர்வு இருந்தது. அதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தரங்கம்பாடிக்கு வர வாய்ப்பிருந்தால், புதிய எருசலேம் ஆலயத்தில் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். 1706இல் இக்கரைக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுத் தந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, அந்த ஆலயம் பிரதிஷ்டையான மறு ஆண்டே, 1719இல், 36 வயதில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மணமாகிச் சில ஆண்டுகளே ஆன அவருடைய மனைவியும் இந்த மண்ணில்தான் விதவையாக நின்றார். எனக்கு அந்த இடத்தில் அமைதி கிடைத்தது.

உறக்கமும் உணவும் அறவே நின்றுபோயிருந்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்துக்கும் அதற்கும் பகையில்லை. இன்றிரவுக்கு 13ஆம் சங்கீதத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனங்கள். கடைசி இரண்டு வசனங்களில் துதி வருகிறது. மனம் ஒப்பவில்லையென்றால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் வியாழக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் உண்டு. உங்கள் கணவரின் பெயரை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். அந்தப் பெரியம்மா இப்போதும் வருகிறார், அவரிடம் சொல்கிறேன்.