யாழ்ப்பாண வெயிலில் ஸ்விப்ட் ஸ்போர்ட்டின் ரயருக்குக் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

உங்களுடையது ஜப்பானில் இருந்து வந்த ஸ்விப்ட் ஸ்போர்ட், 195/45 ஆர்17 ரயர். கடையில் "வெயிலுக்கு 28 காணும், கூட அடிச்சால் வெடிக்கும்" என்கிறார்கள். ரயரின் பக்கத்தில் 51 என்று பொறித்திருக்கிறது. இரண்டும் பிஎஸ்ஐ, அதாவது காற்றழுத்தத்தை அளக்கும் அலகில். எதைப் பிடிப்பது என்று கேட்கிறீர்கள். இரண்டையும் விடுங்கள். 51 என்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அது உங்கள் காருக்குச் சொன்ன கணக்கு இல்லை. 28 அதைவிட ஆபத்து.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். தொடங்க வேண்டியது அங்கேதான். ஜப்பான் கார் என்றால் கிலோபஸ்காலில் போட்டிருப்பார்கள்; 6.9ஆல் பிரித்தால் பிஎஸ்ஐ வரும். 220 என்றால் 32, 230 என்றால் 33, 250 என்றால் 36. ரயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு அது. குளிர்ந்தது என்றால் கார் குறைந்தது மூன்று மணித்தியாலம் ஓடாமல், வெயில் படாமல் நிற்க வேண்டும். விடிய வெள்ளென பார்ப்பதுதான் சரி. காற்றின் வெப்பம் 6 பாகை ஏறினால் கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ ஏறும். மத்தியானம் முற்றத்தில் நின்ற காரில் வெயில் பட்ட பக்கத்து ரயர் மற்றப் பக்கத்தைவிட ஒன்றிரண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள்.

வெடிக்கும் கதைக்கு வருவோம். சூட்டில் காற்று ஏறுவதால் நல்ல ரயர் வெடிப்பதில்லை. அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அந்த மடிப்புத்தான் சூட்டை உண்டாக்குகிறது. ஏ9 வீதியில் நாலு பேர், பெட்டிகளோடு கொழும்புக்குப் போகும்போது 28இல் வைத்த பின்பக்க ரயர் உள்ளுக்குள் வெந்து, நூலும் றப்பரும் பிரியத் தொடங்கும். உங்கள் ரயரின் பக்கச்சுவர் உயரம் 88 மில்லிமீற்றர் மட்டும்தான். ஒழுங்கைப் பள்ளத்தில் விழுந்தால் றிம் விளிம்பு ரயரை நசுக்கி, பக்கத்தில் முட்டை மாதிரிப் புடைத்துவிடும். புடைத்ததை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கடைக்குப் போவதற்குள் ரயர் சூடாகிவிடுமே என்றால், சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். காலையில் வீட்டில் பாருங்கள்: 29 காட்டுகிறது, வேண்டியது 33, குறை 4. கடையில் அதே கேஜ் 31 காட்டினால் 35 வரை அடியுங்கள். குறையை மட்டும் கூட்டினால் போதும். அடிக்க முதல் குழாய் முனையை உள்ளங்கைக்கு நேரே ஒருக்கால் அமத்திப் பாருங்கள். ஈரம் தெறித்தால் கொம்பிறசர் தாங்கியில் தண்ணீர் வடிக்கவில்லை என்று அர்த்தம். வேறு கடை பாருங்கள். அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகி அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும். கடைகளில் காசுக்கு அடிக்கும் நைதரசனில் உள்ள முக்கிய நன்மையும் அது உலர்ந்தது என்பதுதான். சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன், காசு கொடுக்கத் தேவையில்லை.

ஸ்ரிக்கர் அளவு உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, காலையில் அளந்துவிட்டு வழமைபோல அரை மணித்தியாலம் ஓடி, நிறுத்தியவுடன் திரும்ப அளவுங்கள். 3 முதல் 5 வரை ஏறியிருந்தால் நல்லது. 6க்கு மேல் என்றால் குளிர் அளவு குறைவு. அடுத்த நாள் காலையில் 2 கூட்டிப் பாருங்கள். ரயரின் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதில் வெண்கட்டியால் குறுக்கே கோடு போட்டு ஓடினால், கோடு முக்கோணத்தைத் தாண்டி அழிந்திருக்கும்போது முன் ரயர் அதிகம் மடிகிறது.

வளைவில் முன்பக்கம் வெளியே இழுத்தால் முன்னுக்கு 2 கூட்டலாம். காரைச் சுழல வைக்க என்று பின் ரயரில் நிறைய ஏற்றுகிறவர்களும் உண்டு. காய்ந்த பந்தயத் தடத்தில் அது சரி. மார்கழி மழையில் பின்பக்கம் வழுக்கினால் பிடிக்க நேரம் இருக்காது. இணையத்தில் பார்க்கும் 24, 25 எல்லாம் தடத்தில் சூடாகி எட்டு, பத்து ஏறும் பந்தய ரயருக்கான குளிர் அளவு. மேடில்லாத எங்கள் ஊர் றோட்டில் அந்தச் சூடு வராது.

ரயர் மாற்றியிருந்தால் சுமைக் குறியையும் பாருங்கள். கம்பனி ரயர் 81, அதாவது ஒரு ரயர் 462 கிலோ தாங்கும். கடையில் தருவது 85 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்றால் 515 கிலோ, ஆனால் அது 290 கிலோபஸ்காலில். ஸ்ரிக்கர் அளவில் வைத்தால் அது பழைய ரயரைவிட ஒரு துளி குறைவாகத்தான் தாங்கும், ஆகவே 1 அல்லது 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

ஓடி வந்து அளக்கும்போது ஒரே ஒரு ரயர் மட்டும் மற்றதைவிட 3, 4 கூட ஏறியிருந்தால் காற்றைத் தொடாதீர்கள். அந்தச் சில்லின் பிறேக் இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.