ஒயிட் ஆர்ச்சர்டை விட்டுக் கிளம்ப என்ன அவசரம்?

போன மாதம் இந்தப் பகுதியில், காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் கிடந்தபோது அக்கா மகன் கொண்டுவந்து வைத்த பிளேஸ்டேஷனில் ‘தி விட்சர் 3’ என்ற வீடியோ கேம் ஆடப் பழகியதைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். 51 வயதில் இது தேவையா என்று இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுதான்.

கே: முதல் இரண்டு பாகமும் ஆடாமல் மூன்றாவது புரியுமா? ஆரம்பத்தில் கதாநாயகனுக்குச் சவரம் நடக்கும்போது ஒருவர் என்னென்னவோ கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. (தஞ்சாவூர் வாசகர்)

ப: புரியும். நானும் நேரே மூன்றாவதில் குதித்தவன்தான். முதல் பாகம் 2007, இரண்டாவது 2011, இது 2015. போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதைகளை வைத்து, வார்சாவில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: கதாநாயகன் கெரால்ட் கூலிக்குப் பேய் பிசாசு, மிருகங்களைக் கொல்பவர், அதாவது விட்சர். சிரி அவர் மகள் மாதிரி வளர்த்த பெண். அவளைத் தேடுவதுதான் கதை. யென்னஃபர் அவருடைய பழைய காதலி, கோபக்காரி.

சவரத்தின்போது கேட்பதெல்லாம் இரண்டாம் பாகத்துச் சங்கதி. எதைச் சொன்னாலும் குடி முழுகாது. லெத்தோ என்ற ஆளைக் கொன்றாயா என்றால் மட்டும் ‘இல்லை’ என்று சொல்லிவையுங்கள். பின்னால் ஓரிடத்தில் ஆளைச் சந்திக்கலாம்.

கே: ஆரம்பக் கிராமமான ஒயிட் ஆர்ச்சர்டில் கிரிஃபின் என்ற அந்தப் பறக்கும் மிருகம் என்னைப் பதினான்கு முறை கொன்றுவிட்டது. விட்டுவிடலாமா? (கோவை வாசகர்)

ப: பதினான்கா! எனக்கு ஒன்பதிலேயே கண்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றியது.

முதலில், செட்டிங்கில் போய்க் கடினத்தைக் குறையுங்கள். கதையை மட்டும் பார்க்க என்றே ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாவுக்கட்டுக் காலத்தில் நான் ஆடியது அதில்தான்.

அப்புறம், நேரே கிரிஃபினிடம் போகாதீர்கள். அந்தக் கிராமத்தை இரண்டு மூன்று நாள் சுற்றுங்கள். இந்த ஆட்டத்தில் மிருகத்தைக் கொல்வதால் வரும் அனுபவப் புள்ளி சொற்பம். ஊர்க்காரர்கள் கொடுக்கும் வேலைகளில்தான் நிறைய வருகிறது. அங்கே ஒரு பாட்டி, இரவல் வாங்கிப் போனவன் வாணலியைத் திருப்பித் தரவில்லை என்று புலம்புவார். எங்கள் தெருவில் வாரம் ஒரு தடவை கேட்கிற புலம்பல் அது. உலகைக் காக்கப் போகிற வீரனுக்கு வாணலி வேலையா என்று தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறை ஆடியபோதுதான் செய்தேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது வாணலி மட்டும் அல்ல. மேலே சொல்லமாட்டேன்.

நடந்து திரிகையில் வரைபடத்தில் ‘சக்தி ஸ்தலம்’ தென்பட்டால் போய்த் தொடுங்கள். முதல் முறை தொட்டால் ஒரு திறன் புள்ளி சும்மா கிடைக்கும். கிடைத்த புள்ளியைச் செலவழித்தால் மட்டும் போதாது, வாங்கிய திறனைப் பக்கத்திலிருக்கும் கட்டத்தில் தூக்கி வைக்க வேண்டும். இது தெரியாமல் நான் பத்து நாள் புள்ளிகளைச் செலவழித்துவிட்டு, ‘என்ன ஆட்டம் இது, பலமே ஏறவில்லை’ என்று அக்கா மகனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இனி சண்டை. எஃகு வாள் மனிதனுக்கு, வெள்ளி வாள் பிசாசுக்கு. சண்டைக்கு முன்னாலேயே ‘குவென்’ போட்டுக்கொள்ளுங்கள், ஒரு அடியைத் தாங்கிக்கொள்ளும் கவசம் அது. உடைந்தால் திரும்பப் போடுங்கள். ஆரம்பத்தில் மற்ற மந்திரங்களை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கிரிஃபின் பறக்கும்போது வாளை வீசிப் பயனில்லை. கெரால்ட்டின் குரு வெசெமிர் தாத்தா கொடுத்த குறுக்குவில்லால் ஓர் அம்பு விடுங்கள், பொத்தென்று விழும். விழுந்ததும் ஓடிப்போய் இரண்டே வெட்டு, உடனே விலகுங்கள். மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் நான் ஒன்பது முறையும் செத்தேன். முழுசாகச் சொன்னால், என் முதல் சாவு எந்த மிருகத்தாலும் அல்ல. மச்சு உயரத்திலிருந்து குதித்தேன். அவ்வளவு பெரிய வீரருக்கு முழங்கால் என்னைவிட மோசம்.

கே: என் ஆங்கிலம் சுமார்தான். வசனங்கள் ஓடிவிடுகின்றன. (சேலம் வாசகி)

ப: தமிழ் இல்லை, என்ன செய்ய. சப்டைட்டிலைப் போடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கவும் வழி இருக்கிறது. பதில் வரிகளில் மஞ்சளாக இருப்பது கதையை நகர்த்தும், வெள்ளையாக இருப்பது கூடுதல் விவரம். வெள்ளையை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு மஞ்சளுக்குப் போங்கள். சில இடங்களில் மட்டும் பதில் சொல்ல நேரம் குறைந்துகொண்டே வரும், அங்கே மனசில் பட்டதைத் தட்ட வேண்டியதுதான். விட்டுப்போனது குறிப்பேட்டில் இருக்கும். அதை எழுதுவது கெரால்ட்டின் பாணர் நண்பன் டாண்டிலியன் என்பதால் கொஞ்சம் அலட்டல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: தவறான முடிவெடுத்துவிட்டால் ஆட்டத்தை முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்புவது சரியா? இணையத்தில் பார்த்து ‘நல்ல’ பதிலைத் தேர்ந்தெடுக்கிறேன். (மதுரை வாசகர்)

ப: உங்கள் காசு, உங்கள் ஆட்டம். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒயிட் ஆர்ச்சர்டில் ஒரு குள்ளர் கொல்லரின் பட்டறையை யாரோ கொளுத்திவிட்டார்கள். காலடித் தடம் பிடித்துப் போனால் ஆள் கிடைக்கிறான். போதையில் செய்துவிட்டேன், விட்டுவிடு என்று காசு நீட்டுகிறான். குற்றம் குற்றம்தானே என்று கொல்லரிடம் இழுத்து வந்தேன். ஏதோ நாலு அடி விழும், நஷ்ட ஈடு கேட்பார்கள் என்று நினைத்தேன். ஊரை ஆக்கிரமித்திருக்கிற நில்ஃப்கார்ட் நாட்டுச் சிப்பாய்கள் வந்து அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். கொல்லர் எனக்கு விலையைக் குறைத்தார். அந்தக் குறைந்த விலையில் ஒரு வாள் வாங்கினேன், அதை வெளியே எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் ஞாபகம்தான். ‘என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?’ என்று என் மனைவி கேட்டார். ஒருத்தனைத் தூக்கில் போட வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

திரும்பப் போய் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் இன்று இதை எழுத ஒன்றும் இருந்திருக்காது. இதற்கு அடுத்த வட்டாரமான வெலனில் ரத்தப் பிரபுவின் கதை வரும். அதில் ‘நல்ல’ பதில் என்று ஒன்று கிடையவே கிடையாது. இணையத்தில் தேடினால் அந்தக் கதை உங்களுக்குச் செத்துப்போகும். சேமிப்பை மட்டும் தனித்தனியாக நாலைந்து வைத்திருங்கள். அது மின்வெட்டுக்காக.

கே: ஆட்டத்துக்குள் வருகிற க்வென்ட் சீட்டாட்டம் அவசியமா? (புதுச்சேரி வாசகர்)

ப: அவசியமில்லை. ஆனால் சிரியைத் தேடுவதை விட்டுவிட்டு நான் மூன்று வாரம் சீட்டாடினேன், ஆகவே என்னிடம் கேட்காதீர்கள். மூன்று சுற்றில் இரண்டு வென்றால் போதும். கையில் வருவது பத்துச் சீட்டு, அதுதான் மூன்று சுற்றுக்கும். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிடுவது புதியவர் செய்கிற தப்பு. எதிராளியைக் கொட்ட விட்டு, ஒரு சுற்றைத் தோற்றுக்கொடுங்கள். ஒற்றன் சீட்டு எதிராளிக்குப் புள்ளி சேர்க்கும், ஆனால் உங்களுக்கு இரண்டு சீட்டு எடுத்துத் தரும். கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் சீட்டுக்கட்டில் போர்வீரர் சீட்டு குறைந்தது 22 வேண்டும். அதற்குமேல் சொத்தைச் சீட்டுகளைச் சேர்த்தால் நல்லது கைக்கு வராது. முதல் சீட்டுகளை ஒயிட் ஆர்ச்சர்ட் சத்திரக்கார அம்மாவிடமே வாங்கலாம்.

கே: மகன் ஒன்பதாம் வகுப்பு. கேட்கிறான். வாங்கித் தரலாமா? (விழுப்புரம் வாசகி)

ப: வேண்டாம் அம்மா. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது முத்திரை. ரத்தமும் படுக்கையறையும் தாராளம். அவன் கோபித்தால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கே: பணமே சேரவில்லை. ஏதாவது குறுக்கு வழி? (நாகர்கோவில் வாசகர்)

ப: அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் வேட்டை வேலைகளை எடுத்து, கூலியைப் பேரம் பேசி ஏற்றுங்கள். ரொம்ப ஏற்றினால் வேலை கொடுப்பவர் கடுப்பாகிவிடுவார், அவர் எரிச்சலைக் காட்டும் கோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். வாளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் (நான் வாங்கினேன், சொன்னேனே). வைப்பர் பள்ளி என்ற விட்சர் பிரிவின் வாள்களைச் செய்வதற்கான வரைபடம் ஒயிட் ஆர்ச்சர்டிலேயே கிடைக்கும், செய்துகொள்ளலாம்.

குறுக்கு வழி ஒன்று இருந்தது. அந்த ஊர் மாடுகளை வெட்டித் தோலை விற்று நிறையப் பேர் பணக்காரர் ஆனார்கள். அதைப் பார்த்துவிட்டு, மாடுகளைத் தொடர்ந்து கொன்றால் ஒரு கொம்பு வைத்த பிசாசு வந்து உதைக்கும்படி ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். குதிரை பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன்.