கட்டங்களை எண்ணியவர்

அன்புள்ள ஐயா,

ஒன்பது வருடமாகச் சமூகப் பணியில் இருக்கிறேன், குழந்தைகள் பாதுகாப்பில். போன வாரம் ஓர் அம்மா என் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் படிவத்தில் இன்னும் எத்தனை கட்டம் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அதுவே உறுத்துகிறது. இந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விட்டேனா? யோகா செய், லீவு எடு என்கிறார்கள். எடுத்தேன். திரும்பிய இரண்டாம் நாளே பழையபடி ஆகிவிட்டது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் மனசு கல்லாகிவிடவில்லை. ‘பர்ன்அவுட்’, அதாவது வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோவது பற்றி உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் எழுதியது, இலவச மருத்துவமனையில் ராப்பகலாக உழைத்த தொண்டர்களைப் பார்த்துத்தான். அவரும் அவர்களில் ஒருவர். வேலையில் ஒட்டாதவர்களுக்கு வந்ததல்ல அது, விழுந்து விழுந்து செய்தவர்களுக்கு வந்தது. பின்னால் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதில் மூன்று கூறுகளைக் கண்டார். மனம் வற்றிப்போவது ஒன்று. எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கோப்பாகத் தெரிவது இன்னொன்று. நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் மூன்றாவது. நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக அந்த இரண்டாவது.

ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா சொன்னதெல்லாம் இரவில் கண்முன் வருகிறதா? எங்காவது குழந்தை அழுதால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறதா? அப்படியென்றால் அது வேறு. பிறர் பட்ட அடி உங்களுக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உளவியலாளர் பெத் ஸ்டாமின் 30 கேள்வி அளவுகோல் பர்ன்அவுட்டையும் இதையும் தனித்தனியாகத்தான் அளக்கிறது, கூடவே உதவுவதில் கிடைக்கும் நிறைவையும். பிறர் அடி உள்ளே இறங்கிய வகை என்றால் தள்ளிப்போடாமல் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

சரி, லீவுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. யோகா மேல் எனக்குக் கோபமில்லை. நானும் செய்கிறேன், முழங்காலுக்காக. ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது மேஜையில் அதே கட்டு, லீவில் சேர்ந்ததும் சேர்த்து. அதை யோகா குறைக்காது.

உங்கள் கையில் இப்போது எத்தனை கேஸ்? எழுதிவையுங்கள். படிவத்துக்குப் போகும் மணி நேரத்தையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் போய், எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். கெடு தேதி பற்றி மட்டும் பேசாத ஒரு சந்திப்பும் கேளுங்கள், மோசமான நாளில் உங்கள் பேச்சை யாராவது கேட்பதற்கு. அவர் என்ன சொன்னார் என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.