செண்டர் பேரிங்கா, கிராஸா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

லோடோடு வண்டியை எடுக்கும்போது உதறல், 50-க்கு மேல் போனால் அடியில் உறுமல் என்கிறீர்கள். நியூட்ரலில் உருளவிட்டாலும் உறுமல் நிற்கவில்லை என்று எழுதியிருப்பதால், இன்ஜினும் கிளட்சும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. எனக்குச் செண்டர் பேரிங் மேல்தான் சந்தேகம்; கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்டை நடுவில் தாங்குவது அதுதான். எடுக்கும்போது வரும் உதறல் பெரும்பாலும் அந்தப் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்ததால் வருவது.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, சாவியை எடுத்துவிட்டு அடியில் போங்கள். பேரிங் பக்கத்தில் ஷாஃப்டை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் அசையும், அது இயல்பு. லொடலொடவென்று ஆடினாலோ, ரப்பர் வெடித்திருந்தாலோ, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். ஷாஃப்டின் மூட்டுகளில் இருக்கும் சிலுவை வடிவ கிராஸ்களையும் அப்படியே திருகிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

கழற்றும் முன் ஷாஃப்டின் இரண்டு துண்டுகளிலும் பெயின்ட்டில் நேர்கோடு போடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரண்டு துண்டுகளும் கோத்துக்கொள்ளும் பல்வரிசை (ஸ்ப்லைன்) ஒரு பல் மாறி ஏறினாலும் அதிர்வு வரும், பழி புது பேரிங் மேல் விழும். பேரிங் பிராக்கெட் அடியில் ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தால் அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.

பேரிங்கைச் சரிசெய்யும்வரை லோடு ஏற்றாதீர்கள். பேரிங் உடைந்து ஷாஃப்ட் தொங்கினால் பிரேக் காற்றுக் குழாயையும் அறுத்துவிடும்.