அழிந்த விலங்குகள்: எந்தப் படத்தை நம்புவது, எந்த ஆண்டை எழுதுவது?

கேள்வி: பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து, அழிந்துபோன விலங்குகளைப் பற்றி ஒரு சுவர்க்காட்சி தயாரித்து வருகிறேன். இணையத்தில் தேடினால் ஒரே விலங்கு பத்து விதமாக வருகிறது. ஒரு படத்தில் இறகு இருக்கிறது, இன்னொன்றில் செதில் இருக்கிறது. நீளமும் அழிந்த ஆண்டும்கூட இடத்துக்கு இடம் மாறுகின்றன. எதை நம்பி ஒட்டுவது? எல்லா விலங்குகளையும் ஒரே காலக்கோட்டில் காட்ட முடியுமா? டயர் ஓநாய் (dire wolf) என்ற அழிந்துபோன ஓநாய் இனம் மீண்டும் பிறந்துவிட்டது என்ற செய்தியைச் சேர்க்கலாமா?

பதில்: படத்தைத் தேடும் முன்பு ஒவ்வொரு விலங்கைப் பற்றியும் ஒன்றை விசாரியுங்கள். அந்த விலங்கில் நம் கைக்குக் கிடைத்தது என்ன? பல்லா, எலும்பா, தோலா, பனியில் உறைந்த உடலா, ஒளிப்படமா? இது தெரிந்தால், படத்தில் எவ்வளவு சான்று, எவ்வளவு ஓவியரின் ஊகம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். படத்துக்குக் கீழே ‘கிடைத்தவை’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மொத்தக் காட்சியிலும் மாணவர்கள் அதிகம் கற்பது அந்த ஒரு வரியில்தான்.

ஜைகாண்டோபிதெகஸ் என்ற ராட்சதக் குரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்பதுபோல் எத்தனையோ படங்கள் உண்டு. 1935-இல் ஹாங்காங்கின் சீன மருந்துக் கடை ஒன்றில், டிராகன் பல் என்று விற்கப்பட்ட கடைவாய்ப்பல்லைப் பார்த்துத்தான் ஃபான் கோனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர் இதை முதலில் அடையாளம் கண்டார். அதற்குப் பிறகு கிடைத்தவையும் பற்களும் சில கீழ்த்தாடைகளும்தான். கை, கால், முதுகெலும்பு எதுவுமே கிடைக்கவில்லை. பல் எனாமலில் தங்கியிருந்த புரதத்தை ஆராய்ந்து, இது ஒராங்குட்டானின் உறவு என்று 2019-இல் உறுதி செய்தார்கள். ஆகவே உறவு நிச்சயம், உயரம் ஊகம். மெகலோடான் சுறாவின் நீளம் இடத்துக்கு இடம் மாறுவதும் இதே காரணத்தால்தான். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது, எளிதில் மக்கிவிடும். மிஞ்சியிருப்பவை பற்களும் சில முள்ளெலும்புகளும். அவற்றைக்கொண்டு முழு நீளத்தைக் கணக்கிடும்போது, முறைக்கு ஏற்ப விடையும் மாறுகிறது. ஒரே எண்ணை எழுதாமல் ‘சுமார் 15 முதல் 20 மீட்டர், இன்னும் கூடுதலாகவும் இருக்கலாம்’ என்று எழுதுங்கள்.

இறகா செதிலா என்ற குழப்பத்துக்கு வருவோம். வெலாசிராப்டர் என்ற டைனோசர் என்றால் இறகோடுதான் போட வேண்டும். மங்கோலியாவில் கிடைத்த ஒரு முன்கை எலும்பில், சீரான இடைவெளியில் வரிசையாகச் சிறு புடைப்புகள் இருப்பதை 2007-இல் கண்டார்கள். இன்றைய பறவைகளின் இறக்கை எலும்பிலும் பெரிய இறகுகள் வேர்பிடிக்கும் இடத்தில் இதே புடைப்புகள் உண்டு. அளவையும் கவனியுங்கள், வெலாசிராப்டர் ஒரு வான்கோழி அளவுதான். ஆள் உயரத்துக்கு நிற்கும் செதில் உடம்புப் படத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். நிறத்துக்கு மட்டும் சான்றே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். சில விலங்குகளுக்கு உண்டு. சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் இறகுத் தடத்தில் நிறமித் துகள்களின் வடிவம் பதிந்திருந்தது. அதை வைத்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெளிர் நிறமும் மாறி மாறிப் பட்டைகளாக இருந்தன என்று 2010-இல் சொல்ல முடிந்தது.

படம் வரைந்த ஆண்டையும் பாருங்கள். ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் முதல் எலும்புகள் எகிப்தில் கிடைத்து, 1915-இல் விவரிக்கப்பட்டு, 1944-இல் மியூனிக் நகரின் மீது விழுந்த குண்டுகளில் அழிந்துபோயின. பிறகு மொராக்கோவில் புதிய எலும்புகள் கிடைத்தன. அதன் துடுப்பு போன்ற வால் 2020-இல்தான் விவரிக்கப்பட்டது. ஆக, அதற்கு முந்தைய படம் எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருந்தாலும் இன்று பழையதுதான். ஓவியர் பெயரோ ஆண்டோ இல்லாத, கணினியே உருவாக்கிய படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம், அருங்காட்சியகங்களின் தளங்களிலிருந்து எடுங்கள்.

மனிதர்கள் நேரில் பார்த்த விலங்கு என்றால் சிக்கல் இல்லை என்று தோன்றும். டோடோ பறவையின் கதை வேறு. அது வாழ்ந்த மொரீஷியஸ் தீவில் டச்சுக்காரர்கள் இறங்கியது 1598-இல். டோடோவைப் பார்த்ததாக நம்பத்தக்க கடைசிக் குறிப்பு 1662-ஐச் சேர்ந்தது. ஐரோப்பிய ஓவியர்கள் பலர் உயிருள்ள பறவையைப் பார்க்காமலே, ஒருவர் படத்தைப் பார்த்து மற்றொருவர் என்று வரைந்தார்கள். நகரவே முடியாத அந்தக் கொழுத்த உருவம் அப்படித்தான் நிலைத்தது. எலும்புகளை அளந்தவர்கள் சொல்லும் பறவை அதைவிட மெலிந்தது, நன்றாக நடமாடியது. நான் பரிந்துரைப்பது சுமார் 1625-இல் முகலாய ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் படம். சூரத்துக்குக் கொண்டுவரப்பட்ட உயிருள்ள டோடோவைப் பார்த்து வரைந்தது என்கிறார்கள். அதில் சுற்றி நிற்கும் மற்ற பறவைகள் இன்றும் வாழும் இனங்கள். அவை அவ்வளவு துல்லியமாக இருப்பதால் நடுவில் நிற்கும் டோடோவையும் நம்ப முடிகிறது. தோலும் சதையும் ஒட்டிய டோடோ தலை உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டில்.

அழிந்த ஆண்டு மாறுவதற்கு தைலசின் நல்ல உதாரணம். டாஸ்மேனியப் புலி என்பார்கள், ஆனால் கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டி வளர்த்த விலங்கு. ஆடுகளைக் கொல்கிறது என்று சொல்லி, டாஸ்மேனிய அரசு 1888 முதல் 1909 வரை ஒரு தலைக்கு ஒரு பவுண்டு பரிசு கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசுகள் வழங்கப்பட்டன. சட்டப் பாதுகாப்பு வந்தது 1936 ஜூலை 10. நாம் அறிந்த கடைசி தைலசின் ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் இறந்தது அதே ஆண்டு செப்டம்பர் 7. இடையில் 59 நாட்கள்தான், இதை அவசியம் எழுதி ஒட்டுங்கள். அழிந்துவிட்டது என்று முறையாக அறிவிக்கப்பட்டது 1982-இல். இரண்டு ஆண்டுகளுமே சரிதான். ‘கடைசியாக இருந்தது’, ‘அறிவிக்கப்பட்டது’ என்று பிரித்து எழுதினால் போதும். 1933-இல் எடுத்த ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில், கூண்டுக்குள் நடந்தபடி அது வாயை அகலத் திறப்பதைப் பார்க்கலாம். மாணவர்களுக்கு அதைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள்.

சரி, காலக்கோடு. ஒரே கோட்டில் எல்லாவற்றையும் அடக்க முடியாது, இரண்டு கயிறு கட்டுங்கள். முதல் கயிற்றில் ஒரு சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. இன்றிலிருந்து 66 சென்டிமீட்டரில் டைரனோசாரஸின் முடிவு வரும், ஸ்டெகோசாரஸ் சுமார் 150-இல். அதாவது ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் டைரனோசாரஸுக்குக் காலத்தால் நெருக்கம். முதுகில் பாய்மரம் போன்ற விசிறியோடு இருக்கும் டைமெட்ரோடான் ஏறக்குறைய 280-இல். அது டைனோசர் இல்லை, பாலூட்டிகளின் பக்கத்து உறவு. இந்தக் கயிற்றில் யானையின் உறவான மாமூத்துக்கு இடமே இல்லை. ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கல் தீவில் வாழ்ந்த கடைசிக் கம்பளி மாமூத்துகள் அழிந்து சுமார் 4000 ஆண்டுகள்தான் ஆகின்றன. எகிப்தின் கிசா பிரமிடுகள் கட்டப்பட்ட பிறகும் அவை உயிரோடு இருந்தன. இரண்டாவது கயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு வையுங்கள். மாமூத் நான்கு மீட்டரில் வரும், டோடோ 36 சென்டிமீட்டரில், தைலசின் 9-இல். ஸ்டெல்லர் கடற்பசு என்ற கடல் பாலூட்டி கிட்டத்தட்ட 26-இல். அறிவியலாளர்கள் அதை 1741-இல் கண்டார்கள், 1768-க்குள் வேட்டையாடியே முடித்துவிட்டார்கள்.

கடைசியாக டயர் ஓநாய். செய்தியைச் சேர்க்கலாம், தலைப்பை மாற்றி. 2025 ஏப்ரலில் கொலோசல் என்ற நிறுவனம் அறிவித்த குட்டிகள், சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்து, நாய்களின் கருப்பையில் வளர்த்துப் பெறப்பட்டவை. பழைய பல்லிலிருந்தும் மண்டையோட்டிலிருந்தும் கிடைத்த மரபணுத் தகவலைப் பார்த்துச் செய்த மாற்றங்கள் அவை. டயர் ஓநாயின் செல்லிலிருந்து எதுவும் பிறக்கவில்லை. ‘டயர் ஓநாயின் சில பண்புகள் சேர்க்கப்பட்ட சாம்பல் ஓநாய்’ என்று எழுதினால் தவறில்லை. பக்கத்திலேயே, ஐரோப்பாவின் பைரனீஸ் மலையில் வாழ்ந்த புக்கார்டோ என்ற காட்டாட்டை வையுங்கள். அதன் கடைசி ஆடு 2000 ஜனவரியில் இறந்தது. அதற்கு முன்பே அதன் காதிலிருந்து எடுத்து உறைய வைத்திருந்த செல்லைக்கொண்டு 2003-இல் ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களே உயிரோடு இருந்தது. இரண்டுக்கும் கீழே, எந்த விலங்கின் செல்லிலிருந்து பிறந்தது என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.